ஏரியைத் தூர்வாருவதா, மலையில் குழி வெட்டுவதா? சேர்வராயன் அடிவாரத்துக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில், சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையடிவார ஊராட்சிகளில் பேச்சு எழுந்தால், முதலில் வந்து விழும் தீர்மானம் ஏரியைத் தூர்வார வேண்டும் என்பதுதான். அடுத்தது தடுப்பணை, அதற்கடுத்தது மரக்கன்று. மூன்றும் நல்ல வேலைகளே. மூன்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணம் இருக்காது என்பதால் எதை முதலில் எடுப்பது என்று கணக்குப் போட்டுவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது நல்லது. கணக்கை ரூபாயில் போட வேண்டாம், விலைவிகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கன மீட்டரில் போடலாம். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து கன மீட்டர். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு மாதிரி ஊரை எடுத்துக்கொள்வோம். ஏரி 50 ஏக்கர், அதாவது 20 ஹெக்டேர். நிரம்பினால் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம், கொள்ளளவு 3 லட்சம் கன மீட்டர். அதற்கு மேலே 300 ஹெக்டேர் மலைச்சரிவு: மேல்பாதி காப்பித் தோட்டம், கீழ்பாதி முட்காடும் மூங்கிலும். ஓடை ஒன்று. ஏரிக்குக் கீழே நூறு ஏக்கரில் பாக்கும் மரவள்ளியும், கிணற்றையும் போரையும் நம்பி.

சேலம் சமவெளியில் ஆண்டு மழை 900 முதல் 1,000 மி.மீ., ஏற்காட்டில் 1,500-ஐ ஒட்டி. சரிவுக்கு நடுவாக 1,200 என்று வைத்தால் விழுவது 36 லட்சம் கன மீட்டர். மரமும் புல்லும் உள்ள சரிவில் பத்தில் ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோதான் ஓடையில் இறங்கும் என்றே வைப்போம். அப்போதும் 3.6 லட்சம் முதல் 5.4 லட்சம் வரை வர வேண்டும். ஏரி நிரம்பிக் கலிங்கு (உபரி நீர் வழியும் வாய்) போக இது போதும். இவ்வளவுக்கும் ஏரி பாதிகூட நிரம்பவில்லை என்றால், குறையை ஏரியின் தரையில் தேடக் கூடாது, வரும் வழியில் தேட வேண்டும். எல்லோரும் ஆழத்தைப் பார்க்கிறார்கள். வாய்க்காலை நடந்து பார்ப்பவர் குறைவு.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாவிட்டாலும், மழை வரும்போது கொட்டித் தீர்ப்பது இதனால்தான் கூடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. மலைப்பாதை பல இடங்களில் சரிந்தது. ஆகவே எந்த வேலையை எடுத்தாலும் இரண்டு சோதனை: அப்படி ஒரு நாளை அது தாங்குமா, மழையில்லாத நான்கு மாதத்தில் அது எதையாவது மிச்சம் வைத்திருக்குமா.

தூர்வாருதல்: லாரிக் கணக்கு

20 ஹெக்டேரில் ஒரு மீட்டர் மண் எடுப்பது என்றால் 2 லட்சம் கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் எட்டரை கன மீட்டர் ஏறும். 23,500 லோடு. ஒரு நாளைக்கு நூறு லோடு ஓடினாலும் 235 நாள். ஏரி காய்ந்து கிடப்பது மூன்று நான்கு மாதம். அதனால்தான் "முழு ஏரியும் தூர்வாரப்பட்டது" என்று பலகை வைத்த இடங்களில் உண்மையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பள்ளம் மட்டும் இருக்கிறது.

எடுத்த மண் எங்கே போகும் என்பது அடுத்த சிக்கல். விவசாயிகள் வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்பது விதி. புஞ்சைக் கணக்கிலேயே 2 லட்சம் கன மீட்டரைக் கரைக்க 2,200 ஏக்கர் நிலம் வேண்டும். நம் மாதிரி ஊரில் இருப்பது நூறு ஏக்கர். மிச்ச மண் வண்டல் என்ற பேரில் வேறெங்கோ போகும், அல்லது கரையோரம் குவித்துவைக்கப்பட்டு அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பும். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-ல் பொதுமக்கள் முயற்சியில் நடந்த சீரமைப்பில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். லாரிச் செலவு மிச்சம், பறவைகளுக்கு இடம். கொள்ளளவு அதனால் கூடிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும், மண் ஏரியைவிட்டு வெளியே போகவில்லையே.

தூர்வாருவதில் பழுது வருவது மூன்று இடத்தில். ஒன்று, கரையை ஒட்டித் தோண்டுவது. அங்கே மண் மென்மையாக இருக்கும், இயந்திரக்காரருக்கு வேலை சுலபம். ஆனால் கரையின் கால் அறுந்து முதல் வெள்ளத்தில் உள்வாங்கும். கரையடியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளித்தான் வாளி இறங்க வேண்டும், கரை உயரமென்றால் இன்னும் தள்ளி. இரண்டு, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டு ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன நிலத்துக்கு, தண்ணீர் கூடும் என்று எதிர்பார்ப்பது. அந்தத் தண்ணீர் மதகு வழியே வராது. மாட்டுக்கும் ஊற்றுக்கும் உதவும், அவ்வளவுதான். மூன்று, ஆழமாகத் தோண்டி வண்டலுக்குக் கீழே பாறை தட்டுவது. சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. அடிவாரச் சமவெளியில் நைஸ் பாறை. இரண்டும் கெட்டிப்பாறை. விரிசல் இல்லாத பாறையில் தண்ணீர் நிற்கும், இறங்காது.

நின்றால் ஆவியாகும். கோடையில் நாளைக்கு 6 மி.மீ. என்றால் 20 ஹெக்டேர் ஏரி ஒரு நாளில் 1,200 கன மீட்டரை வானத்துக்குக் கொடுக்கிறது. 12,000 லிட்டர் லாரியில் நூறு லாரி, தினமும்.

அப்படியென்றால் ஏரியைத் தொடவே வேண்டாமா? தொடலாம், வேறு வரிசையில். முதலில் நீர்வரத்து வாய்க்கால்: ஓடையிலிருந்து ஏரி வாய் வரை நடந்து, எங்கே வீட்டுமனை, எங்கே சாலைக் குழாய் சிறுத்துப் போயிருக்கிறது, எங்கே சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது என்று குறிப்பது. பிறகு கலிங்கும் மதகும். கடைசியாகத்தான் மண், அதுவும் ஏரி வாயில் மட்டும். வெள்ளம் வேகம் இழக்கும் இடம் அதுதான், வண்டல் தடித்துப் படிவதும் அங்கேதான். அங்கே ஒரு வண்டல் குட்டை வெட்டிவிட்டு ஆண்டுதோறும் அதை மட்டும் வழித்தால், முழு ஏரிக்கும் இருபது ஆண்டு ஆயுள் கூடும் என்றில்லை, ஆனால் மண் சேரும் வேகம் கண்ணுக்குத் தெரிந்து குறையும். ஜருகுமலைக்கும் போதமலைக்கும் இடையே கிடக்கும் பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தாலே இது புரியும். ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் கொடுத்தது. 2,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. பரப்பு இருந்தும் வரத்து போனதால் கருவேலங்காடாகிக் கிடந்தது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு உட்பட்டால் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. தீர்மானத்தை எங்கே அனுப்புவது என்பதை இதை வைத்து முடிவு செய்ய வேண்டும். தவறான அலுவலகத்தில் ஒரு கோடை போய்விடும்.

தடுப்பணை: சரிவைப் பொறுத்தது

பத்து மீட்டர் அகல ஓடையில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை. ஓடைப் படுகை 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் அடிவாரத்தில் கட்டினால் தண்ணீர் 75 மீட்டர் பின்னுக்குத் தேங்கும். ஆப்பு வடிவம் என்பதால் பாதிதான் கணக்கு: 560 கன மீட்டர். அதே அணையைப் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மலையோடையில் கட்டினால் தேக்கம் 15 மீட்டர், கொள்ளளவு 110 கன மீட்டர். சிமெண்டு, கம்பி, கூலி எல்லாம் ஒன்றே, மேலே ஏற்றும் கூலி வேறு. மலையில் கான்கிரீட் அணை கேட்டுத் தீர்மானம் போடும் முன் படுகையின் சரிவை ஒரு முறை அளந்துவிட வேண்டும்.

அணை உடைவது நடுவில் அல்ல, பெரும்பாலும் பக்கத்தில். அணையின் இரு ஓரச் சிறகுச் சுவர் ஓடைக்கரைக்குள் போதுமான தூரம் புதையாவிட்டால் வெள்ளம் அணையைச் சுற்றிக்கொண்டு புதுவழி பறிக்கும். அடுத்த காரணம், அணையைத் தாண்டி விழும் தண்ணீருக்குக் கல்தளம் போடாதது. அடியில் பள்ளம் பறித்து அணை முன்பக்கமாகச் சாயும். தப்பி நின்ற அணைகள் வண்டலில் சாகும். ஒரு விரற்கடை களிமண் படலம் போதும், ஊற்று நின்றுவிடும். கோடையில் ஒருமுறை அதைச் சுரண்டி எடுக்க ஆள் ஒதுக்காத அணை மூன்றாம் ஆண்டு வெறும் தொட்டி.

செங்குத்தான ஓடைக்கு ஏற்றது கான்கிரீட்டைவிடக் கல்லடுக்குத் தடுப்பு. ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிட ஓரடி தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் வெள்ளம் நடுவே போகும். கீழ்த்தடுப்பின் தலை மேல்தடுப்பின் அடிக்கு மட்டமாக வர வேண்டும்; பத்துக்கு ஒன்று சரிவில் பத்து மீட்டருக்கு ஒன்று. கல்லை ஓடைப் படுகையிலிருந்தே பெயர்த்து எடுக்கக் கூடாது. படுகையைக் காக்கும் கவசமே அந்தக் கல்தான். பெரிய வெள்ளத்துக்கு வலைக்கம்பிப் பெட்டி போட்டுக் கட்டலாம்.

சரிவில் குழி: இங்கேதான் முதல் பணம் போக வேண்டும்

ஓடிவரும் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்க, மலைச்சரிவின் குறுக்கே வெட்டும் குழி இது: மூன்று மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். ஒரு குழி 750 லிட்டர் பிடிக்கும். ஹெக்டேருக்கு 200 குழி வெட்டினால் 150 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் குழி, மேலே சொன்ன மலையோடைக் கான்கிரீட் அணையை விஞ்சிவிடுகிறது. 300 ஹெக்டேரில் வெட்டத் தகுந்தது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 20,000 குழி. ஒருமுறை நிரம்பினால் 15,000 கன மீட்டர். ஆண்டுக்குப் பத்து முறை நிரம்பினால் 1.5 லட்சம், பாதி ஏரி. சரளை கலந்த மண்ணில் ஓராள் நாளைக்கு இரண்டு குழி வெட்டலாம். 10,000 ஆள்நாள், நூறு பேருக்கு நூறு நாள் வேலை. பணம் லாரிக்கும் இயந்திரத்துக்கும் போகாமல் ஊர்க்கூலியாக நிற்கிறது.

செய்முறை எளிது, ஆனால் மட்டம் தவறினால் எல்லாம் வீண். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும்: பத்துப் பதினைந்து மீட்டர் தெளிவான குழாய், காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர், இரண்டு குச்சி. சம உயரக் கோட்டைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டில் மூன்று மீட்டர் குழி, மூன்று மீட்டர் இடைவெளி என்று வெட்ட வேண்டும். அடுத்த வரிசை எட்டு மீட்டர் கீழே, மேல்வரிசையின் இடைவெளிக்கு நேராகக் குழி வரும்படி. குழியின் அடி மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அங்கே குவிந்து வாயை உடைத்துக்கொண்டு ஓடும், குழி ஓடையாகிவிடும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம், குழி விளிம்பிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு, அதன்மேல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ நட வேண்டும். புல் பிடிக்காத மண்மேடு முதல் மழையிலேயே குழிக்குள் இறங்கிவிடும்.

காப்பித் தோட்டத்தில் காலம் பார்க்க வேண்டும். பழம் பறித்து முடிந்த பிப்ரவரி மாதத்திலிருந்து, காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை வரும் முன்வரை வேலை நடக்கலாம். காப்பியின் உணவு வேர்கள் மேல் ஓரடி மண்ணிலேயே படர்ந்திருப்பதால் ஒன்றுவிட்ட ஒரு வரிசையில் மட்டும், இரண்டு செடிவரிசைக்கு நடுவே வெட்டுவது பாதுகாப்பு. ஆண்டுதோறும் குழியில் சேரும் மண்ணும் சருகும் தோட்டத்துக்கே உரம். தோட்டக்காரர் சம்மதிப்பது பெரும்பாலும் தண்ணீருக்காக அல்ல, இந்த மேல்மண்ணுக்காக. பேச்சை அங்கிருந்து தொடங்கினால் காரியம் நடக்கும்.

வெட்டக் கூடாத இடங்களும் உண்டு, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் எழும் செங்குத்து, சாலைக்காக மலையை வெட்டிய இடத்துக்கு மேற்புறம், வீடுகளுக்கு மேற்புறம், மரங்கள் சாய்ந்தும் நிலம் வெடித்தும் காணும் ஆழமான செம்மண். அங்கெல்லாம் தண்ணீரை உள்ளே இறக்குவது சரிவை ஊறவைத்துக் கீழே தள்ளுவதாகும். 20 செ.மீ. மழையில் கொண்டை ஊசி வளைவின் மேல் 200 குழி நிரம்பி நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். அத்தகைய இடத்தில் தண்ணீரைக் கல்பாவிய வடிகால் வழியே பத்திரமாக வெளியே அனுப்புவதே சரி.

குழியால் ஆகாததையும் சொல்லிவிடலாம். 150 கன மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 15 மி.மீ. மட்டுமே. புயல்மழையில் அது ஓரத்துணுக்கு. மீதி ஓடையில்தான் வரும், அதற்குக் கலிங்கு அகலமாக இருக்க வேண்டும். இன்னொன்று, மேலே பிடித்த தண்ணீர் நேராக ஏரிக்கு வராது. கிணற்று ஊற்றாகவும் ஜனவரி, பிப்ரவரி வரை ஓடையில் கசியும் நீராகவும் வரும். ஏரிப் பாசனக்காரரும் கிணற்றுப் பாசனக்காரரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் ஊரில் இது சண்டையாகும். சரிவின் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது அதற்காகவும்தான்.

காப்புக்காட்டுக்குள் ஊராட்சி தானாக மண்வெட்டி எடுக்க முடியாது, வனத்துறை வழியே போக வேண்டும். மலைமேல் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக வன வளத்தைப் பேணும் உரிமை உண்டு. அந்த உரிமையை வாங்கிய கிராமசபை தன் தீர்மானத்தோடு பேசும்போது துறையோடு பேச்சு வேறு தொனியில் நடக்கும்.

மரம்

தமிழ்நாடு பசுமை இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, 23.7 விழுக்காடு உள்ள காடு, மரப் பரப்பை 33-க்கு உயர்த்துவது இலக்கு. கரியமில வாயுவைப் பிடிக்க மரம் நல்லது. தண்ணீருக்கும் நல்லதா என்றால், எந்த மரம், எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளிச் சரிவில் தைலமரம் நட்டுப் பத்தாண்டு அளந்தபோது ஓடைநீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரம் குடிக்கும், வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும். அடிவாரத்தின் வறண்ட சரிவில் ஒரே இன வேகமரத்தை நெருக்கி நட்டுவிட்டு ஓடை பெருகும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், மிளகுக் கொடி ஏறும், வெட்டினால் காசு. இலை தடித்தது, மக்க நேரமாகும். முழுவதும் மாற்றச் சொன்னால் எந்தத் தோட்டக்காரரும் கேட்க மாட்டார். வெட்டிய இடத்தில் பலா, அத்தி, கல்யாண முருங்கை, சந்தன வேம்பு என்று கலந்து நடச் சொன்னால் கேட்பார்கள். பல அடுக்காக நிழலும் சருகும் இருக்கும் தோட்டத்தில் மழைத்துளி மண்ணை அடிக்காது.

காட்டுப் பகுதியில் கன்று நடுவதைவிட உண்ணிச்செடியை எடுத்துவிட்டு ஆடுமாட்டை மூன்று ஆண்டு தள்ளி வைப்பது மலிவு, பலனும் நிச்சயம். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையில் வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும். பழம் வைக்கும் முன் செய்ய வேண்டும், அடுத்த இரண்டு மழைக்குப் பிறகு முளைத்த நாற்றுகளைப் பிடுங்க ஆள் வர வேண்டும். அந்த இரண்டாம் சுற்றுக்குப் பணம் ஒதுக்காத திட்டம் உண்ணிச்செடிக்குக் கவாத்து செய்ததாகவே முடியும்.

ரீசார்ஜ் போர், பண்ணைக்குட்டை, மேட்டூர்த் தண்ணீர்

வற்றிய போரில் மழைநீரை இறக்குவது பெரிய ஆசை. இரண்டு மீட்டர் ஆழக் குழியில் அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் போட்டு, துளையிட்ட குழாய்க்கு வலை சுற்றி வடிகட்டி வைத்தால் சரி. வடிகட்டாமல் செங்காவி வெள்ளத்தை நேராக விட்டால் பாறை விரிசல் அடைபடும், பிறகு அதைத் திறக்க வழியில்லை. ஜவ்வரிசி ஆலைக் கழிவோ உரத் தண்ணீரோ வரும் வாய்க்காலுக்கு அருகே வைப்பது, ஊர்க் குடிநீருக்குள் அதை நேராக ஊற்றுவதாகும்.

பண்ணைக்குட்டை ஒருவருக்கு நல்லது. தார்ப்பாய் விரித்த குட்டை நிலத்தடிக்கு ஒரு சொட்டும் தராது. அதைப் போர்த் தண்ணீரால் நிரப்பி வைப்பது நிலத்தடி நீரை வெயிலில் காயப்போடுவது.

மேட்டூர் அணை உபரிநீரைச் சரபங்கா ஆற்று வடிநிலத்தில் 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் மேச்சேரி, நங்கவள்ளி, எடப்பாடிப் பக்கத்துக்கு உண்மையான வரம். அணை 120 அடியைத் தொட்டு உபரி போகும் நாட்களில்தான் அது வரும், அடிவாரத்து மேட்டு ஏரிகளுக்கு ஏறாது.

எடுப்பதைக் குறைக்காமல் எதுவும் நிற்காது

கெட்டிப்பாறைப் பகுதியில் சிதைந்த பாறை மண்ணில் தண்ணீர் நிற்க இடம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான். ஆகவே ஒரு செ.மீ. தண்ணீர் உள்ளே இறங்கினால் கிணறு அரை மீட்டர் ஏறும். அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். பாத்தி கட்டி 5 செ.மீ. பாய்ச்சினால், திரும்ப இறங்குவதைக் கழித்தால்கூட, அந்த நிலத்துக்கு அடியில் மட்டம் மீட்டர் கணக்கில் விழும்.

நூறு ஏக்கருக்கு ஒருமுறை 5 செ.மீ. பாய்ச்சல் என்பது 20,000 கன மீட்டர். நம் 20,000 குழியும் ஒரே சமயத்தில் நிரம்பினாலும் 15,000தான். அதாவது வருடத்தில் ஒரு பாய்ச்சலைத் தவிர்ப்பது, மலையில் அத்தனை குழியும் ஒருமுறை நிரம்புவதைவிடக் கூடுதல். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் இருக்கும்போது இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணமில்லை.

இதிலும் ஒரு பொறி. மின்சாரம் இலவசம், தண்ணீர் மிச்சம் என்றதும் நூறு ஏக்கர் பாக்கு நூற்றைம்பதாகும். கிணறு முன்பைவிட வேகமாக வற்றும். பாசனப் பரப்பை நூறிலேயே நிறுத்துகிறோம் என்று கிணற்றுக்காரர்கள் கூடிப் பேசி, கிராமசபைப் புத்தகத்தில் எழுதாத ஊரில் சொட்டுநீர் மானியம் தண்ணீரைக் காப்பதில்லை.

எந்த ஊர் எதை முதலில்

மலைமேல் உள்ள ஊராட்சி குழியும் கல்லடுக்கும், அதன் பிறகு நிழல்மரக் கலப்பு. கான்கிரீட் அணை கேட்க வேண்டாம். அடிவார ஊராட்சி, நம் மாதிரி ஊர்: முதல் கோடையில் வாய்க்கால், கலிங்கு, ஏரி வாய் வண்டல் குட்டை, அதே கோடையில் மேலே தோட்டக்காரர்களோடு பேசி 30 ஹெக்டேரில் குழி, சொட்டுநீர் விண்ணப்பங்கள் கூடவே. இரண்டாம் கோடையில் மீதிக் குழி. தடுப்பணை ஒன்று, படுகை மட்டமான அடிவாரத்தில். ஏரித் தரையைத் தோண்டுவது ஐந்தாம் ஆண்டுக்கு, அப்போதும் தேவை என்று தோன்றினால். சமவெளி ஊராட்சிக்கு வரிசையே வேறு: அங்கே மலை இல்லை, வாய்க்கால் ஆக்கிரமிப்பும் சொட்டுநீரும்தான் முதல் இரண்டு.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஐந்து கிணறுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஏரிக்குக் கீழே இரண்டு, ஓடையோரம் இரண்டு, எந்த வேலையும் நடக்காத பக்கத்தில் ஒன்று. மாதத்தின் முதல் நாள் காலை, மோட்டார் போடும் முன், கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஐந்தாவது கிணறு முக்கியம். நல்ல மழை ஆண்டில் எல்லாக் கிணறும் ஏறும். அந்த ஐந்தாவதைவிட மற்ற நான்கு எவ்வளவு கூடுதலாக ஏறின, ஏப்ரலில் எவ்வளவு தாமதமாக இறங்கின என்பதுதான் செய்த வேலையின் கணக்கு.